முன்வாசல் ஃபேஸ்புக், பின்வாசல் இன்ஸ்டாகிராம்

கேள்வி: எனக்கு 57 வயது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான்கு பெண்களை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷமாகத் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். அக்கா மகன் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தான். அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பக்கத்தில் 14,000 பேர் இருக்கிறார்கள். முன்பு ஒரு படம் போட்டால் ஆயிரம் பேராவது பார்ப்பார்கள். இப்போது இருநூறைத் தாண்டுவதில்லை. ‘பூஸ்ட்’ பண்ணச் சொல்லிக் காட்டியது, 6,000 ரூபாய் கட்டினேன். லைக் கொட்டியது, ஆர்டர் வந்தது மூன்றுதான். படத்துக்குக் கீழே லோன் வேண்டுமா, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று கண்டவர்களும் எழுதுகிறார்கள். போன வாரம் ‘24 மணி நேரத்தில் உங்கள் பக்கத்தை மூடிவிடுவோம்’ என்று ஃபேஸ்புக்கே செய்தி அனுப்பியிருக்கிறது. பயந்துபோய் அதைத் தொடவே இல்லை. காரைக்குடியில் ஒரு தம்பி 50,000 வாட்ஸ்அப் நம்பர்களை 3,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பேசாமல் ஃபேஸ்புக்கை விட்டுவிட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடலாமா? நான் உழைத்துச் சேர்த்த பக்கம் எனக்குச் சொந்தமா, இல்லையா? கூரியர் ரசீதுகளை மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறேன், அவை ஏதாவது உதவுமா? (ஊரில் எல்லோரும் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே எழுதலாம்.)

பதில்:

ஆச்சி, வணக்கம். கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்த மஞ்சள் பை, அதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவசரமானது.

அந்த 24 மணி நேரச் செய்தியை ஃபேஸ்புக் அனுப்பவில்லை. நீங்கள் அனுப்பிய அந்தச் செய்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நீல வட்டத்தில், ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் சின்னம், பக்கத்தில் ‘சப்போர்ட்’ என்று முடிகிற ஒரு பெயர். அது யாரோ நேற்று முளைக்க வைத்த இன்னொரு பக்கம், அவ்வளவுதான். உங்கள் பக்கம் மாதிரியே அதுவும் ஒரு பக்கம். பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். கீழே இருக்கிற இணைப்பு ஃபேஸ்புக் முகவரியே இல்லை. அதைத் தொட்டிருந்தால் அச்சு அசலாக ஃபேஸ்புக் மாதிரி ஒரு திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும், அப்புறம் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும். இரண்டையும் கொடுத்தால் பக்கம் போய்விடும். உங்கள் பயம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. 24 மணி நேரம் என்று கெடு வைப்பதே, நீங்கள் நாலு பேரைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஃபேஸ்புக்குக்கு உங்கள் பக்கத்தில் நிஜமாகவே ஏதாவது குறை இருந்தால், அது பக்கத்தின் அமைப்புகளுக்குள் ‘பேஜ் ஸ்டேட்டஸ்’ போன்ற இடத்தில் தெரியும். மெசஞ்சரில் வந்து மிரட்டாது.

ஒருவேளை என்றாவது பக்கம் பறிபோனால், ‘ஐயோ, என் பக்கம் போய்விட்டதே’ என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள். எழுதிய பத்தாவது நிமிடம், ‘எனக்கு இன்னார் மீட்டுக் கொடுத்தார்’ என்று இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். அது இரண்டாவது கொள்ளை. பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

தீபாவளி வருகிறது, அதனால் இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். ‘ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், ஜவான்களுக்கு 40 கிலோ தேன்குழல் வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒருவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். யூபிஐ-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம்.

சரி, இப்போது சொந்தம் பற்றி.

ஃபேஸ்புக்கை விட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போகலாமா என்கிறீர்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்: முகப்பு ஒரு தெருவில் இருக்கும், கட்டு கட்டாகத் தாண்டிப் போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தெரியாதவர்கள் இரண்டு வீடு என்று நினைப்பார்கள். இதுவும் அப்படித்தான். ஃபேஸ்புக் 2012-இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. 2021-இல் மூன்றுக்கும் மேலே மெட்டா என்று பெயர்ப்பலகை மாட்டியது. நீங்கள் போவது முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு; வீட்டுக்காரர் ஒருவரேதான்.

வாட்ஸ்அப் கதை ஒன்று சொல்கிறேன், எனக்கு அது பிடித்த கதை. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், ‘விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், பகட்டு வித்தை வேண்டாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்னொருவரான ஜான் கூம் அதைத் தன் மேசையிலேயே வைத்திருந்தார். கம்பெனியை விற்றார்கள், சில வருஷங்களில் இருவரும் வெளியேறினார்கள். 2025 ஜூனில் வாட்ஸ்அப்பின் ‘அப்டேட்ஸ்’ பகுதியில் விளம்பரம் வரும் என்று மெட்டா அறிவித்தது. சீட்டு எழுதியவர் நல்லவர்தான், ஆனால் வீடு கைமாறிவிட்டது. நடுவில் 2021-இல், வாட்ஸ்அப்பில் சேரும் விவரங்களை மெட்டாவின் மற்ற கம்பெனிகளோடு பகிரச் சம்மதிக்காவிட்டால் பயன்படுத்த முடியாது என்பது போல ஒரு நிபந்தனை வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

உங்கள் பக்கம் உங்களுக்குச் சொந்தமா? நீங்கள் எடுத்த படங்கள் உங்களுடையவை, அதை அவர்களுடைய விதிகளே ஒத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றைக் காசு தராமல் பயன்படுத்திக்கொள்ள உலகம் முழுவதற்குமான அனுமதியையும் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கு ஆரம்பிக்கும்போது அழுத்திய ‘சரி’யில் அது இருக்கிறது. அந்த 14,000 பேர் உங்களுடையவர்கள் இல்லை. அவர்களுடைய போன் நம்பர் உங்களிடம் கிடையாது, ஊர் தெரியாது. நாளைக்கு வேறு இடத்துக்கு அழைத்துப் போகவும் முடியாது. வாடகைக் கடையில் வந்து நிற்கிற கூட்டம் அது.

வாடகைக் கடை என்று சும்மா சொல்லவில்லை. நான் இந்த இணைய விளம்பர வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனை கடைத்தெருக்கள் காணாமல் போயிருக்கின்றன! ஃபேஸ்புக் மாதிரியே இருந்த கூகுளின் ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. நான் கல்லூரிக் காலத்தில் எழுதிக் குவித்ததெல்லாம் அதோடு சரி. அமெரிக்காவில் மைஸ்பேஸ் என்று ஒன்று கொடிகட்டிப் பறந்தது. 2005-இல் 58 கோடி டாலருக்கு ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம் வாங்கி, விளம்பரமாக அடைத்து, 2011-இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது. 2019-இல், சர்வர் மாற்றும்போது பழைய பாட்டுகளும் படங்களும் தொலைந்துவிட்டன என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு வருஷத்துப் பாட்டு! ட்விட்டர் 2022-இல் 4,400 கோடி டாலருக்கு ஒரு தனிமனிதர் கைக்குப் போய், அடுத்த வருஷமே பெயரே மாறிவிட்டது.

செட்டிநாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி நகரத்தார் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் விட்டுவிட்டு வந்தார்கள். 1948-இல் வந்த நில தேசியமயச் சட்டம் மிச்சத்தையும் முடித்துவைத்தது. ஒரு பலகாரப் பக்கத்தைப் பர்மா நிலத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்தவன் மண்ணில் முதல் போட்டவர்களின் ஊர் இது. உங்கள் கேள்வியை வேறு எந்த ஊரைவிடவும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆயிரம் எப்படி இருநூறானது? நீங்கள் ஆரம்பித்தபோது, உங்கள் பக்கத்தை விரும்பியவர்களுக்கு உங்கள் படம் ஓரளவு தானாகவே போனது. 2018 ஜனவரியில், சொந்தக்காரர்கள், நண்பர்கள் பதிவுகளுக்கே முன்னுரிமை, வியாபாரப் பக்கங்கள் குறையும் என்று ஃபேஸ்புக் வெளிப்படையாகவே சொன்னது. 2020-இல் டிக்டாக்கை அரசு தடை செய்ததும் ரீல்ஸ் வந்தது. இப்போது திறந்தால் முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்கள்தான் முதலில் ஓடுகின்றன, ஆள் அவற்றில்தான் அதிக நேரம் நிற்கிறார் என்பதால். நிற்கிற நேரம்தான் அவர்களுக்குச் சரக்கு. 2024-இல் மெட்டாவுக்கு வந்த வருமானத்தில் 100-க்கு 97 ரூபாய்க்கு மேல் விளம்பரப் பணம். இலவசமாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு இப்போது கட்டணம் கேட்கிறார்கள், அதைப் ‘பூஸ்ட்’ என்று அழகாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் கட்டிய 6,000 எங்கே போனது என்று பார்த்தேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 7,080. மூன்று ஆர்டர் என்றால், ஆர்டர் ஒன்றுக்கு 2,360 ரூபாய். அதற்கு நீங்களே பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். தப்பு உங்களுடையது இல்லை. அந்த நீலப் பொத்தான் அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இடம்: இந்தியா. வயது: 18 முதல் 65 வரை. நோக்கம்: அதிக ஈடுபாடு. அது சொன்னதைச் செய்தது. எதைப் பார்த்தாலும் லைக் அழுத்துகிற பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப் பிடித்துக் காட்டியது. அழுத்துகிறவர்கள் வேறு, வாங்குகிறவர்கள் வேறு.

இதை நானும் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் அடுத்தவர் காசு. தொழில் தொடங்கிய புதிதில் ஆத்தங்குடிக் கல் போடுகிற ஒருவருக்கு விளம்பரம் பண்ணினேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கரண்டியால் நிறத்தை ஊற்றுகிற படம், பார்க்கவே அவ்வளவு அழகு. ஐயாயிரம் லைக் வந்தது. பெருமையாகப் போனைக் காட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தவர், “இதில் வீடு கட்டுறவுக எத்தனை பேர் தம்பி?” என்று ஒன்றுதான் கேட்டார். பதில் இல்லை.

மறுபடி விளம்பரம் போடுவதாக இருந்தால் நோக்கத்தை மாற்றுங்கள்: லைக் வேண்டாம், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பவைப்பது என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போதும். ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஐந்து நாள். இந்த விளம்பர இடமெல்லாம் ஏலத்தில் போவது, அதனால் தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளில் போடாதீர்கள். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் கோடிக்கணக்கில் இறங்குகிற நேரத்தில் அதே திண்ணையில் நீங்கள் இடம் பிடிக்க முடியாது. ஐந்தாறு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆர்டர் ஒன்றுக்கு 150 ரூபாய்க்கு மேல் ஆனால் நிறுத்திவிடுங்கள். இந்த 150 உங்கள் விலையை வைத்து நான் போட்ட கணக்கு, எல்லோருக்கும் பொருந்தாது.

படம் பற்றி ஒரு வார்த்தை. தாம்பாளத்தில் அடுக்கிப் பூ வைத்து எடுத்த படங்கள் எல்லாப் பலகாரக் கடையிலும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் அதிகம் பகிரப்பட்டது எது தெரியுமா? சீப்பு அச்சில் பிழிந்த மாவைத் துண்டு போட்டு, ஒரு பெண் விரலில் சுற்றி ஒட்டி எடுக்கிறாரே, அந்த நாற்பது நொடி. விளக்கு இல்லை, பாட்டு இல்லை, பின்னால் யாரோ ‘எண்ணெய் காய்ஞ்சிருச்சு’ என்கிறார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருக்கிறது.

படத்துக்குக் கீழே எழுதுகிற லோன்காரர்களுக்கு வழி சுலபம். பக்கத்தின் அமைப்பில் தடைச் சொற்கள் என்று ஒரு பட்டியல் போடலாம். ‘லோன்’, ‘வீட்டிலிருந்தே’, ‘கிரிப்டோ’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்தால், அந்தச் சொல் உள்ள கருத்து மற்றவர்களுக்குத் தெரியாது. இதை ஏன் அவர்களே துடைப்பதில்லை என்று கேட்பீர்கள். துடைக்கிறார்கள், ஆனால் காசு கொடுத்து உள்ளே வருகிறவனிடம் கை அவ்வளவு வேகமாக நீளுவதில்லை. 2024 வருமானத்தில் 10 சதவீதம் வரை மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்த பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று மெட்டா தனக்குள்ளேயே கணித்திருந்ததாக, அதன் ஆவணங்களைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் எழுதியது. அந்தக் கணக்கு உத்தேசமானது, தேவைக்கு மேல் சேர்த்துப் போடப்பட்டது என்று மெட்டா மறுத்தது. பெயருக்குப் பக்கத்தில் ‘அசல்’ என்று காட்டுகிற நீல டிக்கையும் நம்பாதீர்கள். 2023 ஜூனில் அதை இந்தியாவில் மாதம் 699 ரூபாய்க்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் காரைக்குடித் தம்பி விஷயம். வேண்டாம் ஆச்சி. உங்கள் படத்துக்குக் கீழே வந்து எழுதுகிறானே லோன்காரன், 50,000 பேருக்கு நீங்கள் அனுப்பினால் அவர்களுக்கு நீங்கள்தான் அந்த லோன்காரன். செக்காலை ரோட்டில் போகிற வருகிறவர் சட்டையைப் பிடித்து மாவுருண்டையை வாயில் திணிப்பீர்களா? பத்துப் பேர் ‘ரிப்போர்ட்’ அழுத்தினாலே வாட்ஸ்அப் உங்கள் நம்பரை முடக்கிவிடக்கூடும். ஒன்பது வருஷமாக வாடிக்கையாளர்கள் கூப்பிடுகிற நம்பர் அது. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் யாரும் தங்கள் நம்பரை விற்கச் சம்மதம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் கேட்பதே அந்தச் சம்மதத்தைத்தான். ஐம்பதாயிரத்தில் உங்கள் நம்பரும் இருக்கிறதா என்று அந்தத் தம்பியைக் கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

இப்போது மஞ்சள் பை.

அதில் இருப்பவர்கள் காசு கொடுத்து உங்கள் பலகாரத்தைத் தின்றவர்கள். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அந்த ரசீதில் இருக்கிறது. அதை எந்தக் கம்பெனியும் வாங்கவோ மூடவோ முடியாது. ஆனால் ஒரு ஆபத்து: கூரியர் ரசீது பாதிக்கு மேல் சூட்டில் அச்சாகிற வழவழப்புத் தாள். எழுத்து வருஷத்துக்கு வருஷம் வெளுக்கும், சமையலறைப் பக்கம் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். நாளைக் காலையிலேயே பழைய ரசீதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி, பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்று ஐந்து பத்தி போட்டு எழுதுங்கள். ‘வருஷா வருஷம் கார்த்திகைக்கு வாங்குவார்’, ‘மகள் பிரசவத்துக்கு வாங்கினார்’ என்று தோன்றுவதையும் ஓரத்தில் குறியுங்கள். கணக்கு எழுதுவதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் அவர்களையும் மொத்தமாகக் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை பார்சல் கட்டும்போது உள்ளே ஒரு சீட்டு வையுங்கள்: ‘தீபாவளி விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் வேண்டுமானால், இந்த நம்பரைப் பதிந்துகொண்டு “சரி” என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.’ அனுப்பியவர்களை மட்டும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும்) சேர்க்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேரும்; உங்கள் நம்பரைப் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும், அதனால் பதியச் சொல்வது முக்கியம். மாதம் ஒரு செய்தி போதும். முந்நூறு பேர் ‘சரி’ சொன்னால், அவர்களில் முப்பது பேர் வாங்கினாலும் அந்த 7,080 ரூபாய் செய்யாததை ஒரு சீட்டு செய்துவிடும். வாட்ஸ்அப்பும் அதே வீட்டுக்காரருடையதுதானே என்றால், ஆமாம். அது போனாலும் நோட்டு உங்கள் கையில் இருக்கும், போன் போட்டுப் பேசலாம்.

பக்கத்தை மூட வேண்டாம். தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்க ஒரு முகப்பு இருக்கட்டும். ஆனால் அதன் சாவி இப்போது உங்களிடம் இல்லை, கவனித்தீர்களா? அக்கா மகனுடைய சொந்தக் கணக்கில்தான் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கணக்கு முடங்கினாலோ போன் தொலைந்தாலோ நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும். அவரிடம், உங்கள் கணக்குக்கும், உங்களோடு வேலை செய்கிறவர்களில் நம்பிக்கையான ஒருவர் கணக்குக்கும் ‘முழுக் கட்டுப்பாடு’ கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று கணக்குக்கும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்பது) போடச் சொல்லுங்கள். அப்படியே ஒன்பது வருஷத்துப் படங்களையும் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் அமைப்பில் வழி இருக்கிறது. கால் மணி நேர வேலைதான். இன்றைக்கே கூப்பிடுங்கள், சாயங்காலம் ஏழரைக்குள் கூப்பிடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதற்கு மேல் என்றால் அந்தப் பிள்ளை தூங்கப் போய்விடும்.